ஆறாவது சத்தம்

செயலிக்குள் அவன் சேமித்து வைத்திருந்தது ஐந்து சத்தங்கள். இன்றைக்கு ஆறு இருந்தன.

ஜெகதீஸ் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தான். கோயில், மொட்டை, கிணறு, இரும்பு, விசர். ஐந்துக்கும் அவனே பெயர் வைத்தவன். விசருக்குக் கீழே பெயரில்லாமல் இன்னொன்று இருந்தது. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும். அதைத் தொட்டான். கிற்றார் சத்தத்தைப் பெருக்குகிற அம்ப்பின் படம் வந்தது, அதற்குக் கீழே திருகுகிற குமிழ்கள் வரிசையாக வந்தன. உறுமல் பூச்சியத்தில் நின்றது. எதிரொலியும் பூச்சியம். மற்றதெல்லாம் பூச்சியம். கடைசியில் இருக்கிற 'கேற்' மட்டும் முழுதாகத் திறந்து கிடந்தது.

கேற் என்பது இரைச்சலுக்குப் போடுகிற படலை. கிற்றாரை வாசிக்காத நேரத்தில் வயருக்குள் ஓடுகிற உஸ் என்ற சத்தம் காதுக்கு வராமல் அது மூடிக்கொள்ளும். கம்பியில் விரல் பட்டதும் திறக்கும். அதைத் திறந்தபடி விட்டுவிட்டு வாசிக்கிற மடையன் ஒருவனும் இல்லை.

"சனியன் பிடிச்ச அப்" என்று முணுமுணுத்தான். சும்மா கிடைக்கிறது என்று இறக்கினால் இப்படித்தான், கேட்காததை எல்லாம் கொண்டுவந்து தலையில் கட்டுவார்கள். ஆறாவதை அழித்தான். இயர்போனைக் காதில் செருகி, கிற்றார் வயரைத் தீப்பெட்டி அளவான கறுப்புப் பெட்டியில் செருகி, பெட்டியைப் போனில் செருகி, 'இரும்பு' சத்தத்தில் ஒரு அடி அடித்தான். மண்டைக்குள் தகரக் கூரை இடிந்து விழுந்தது. வெளியில் ஒரு பூனைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. போனுக்குள் அம்ப் இருப்பதில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். எவ்வளவு ஆத்திரத்தோடு வாசித்தாலும் கம்பியில் நகம் படுகிற டிக் டிக் மட்டும்தான் வெளியில் வரும். சோளகக் காற்று வேலி ஓலைகளைப் போட்டு உலுப்புகிற இந்த ஆவணி மத்தியானத்தில் அதுவும் யாருக்கும் கேட்காது.

கேட்கக்கூடாது. அந்தக் கிற்றார் மண்ணுக்குக் கீழே இருக்கிறது என்றுதான் கரம்பொன் ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது.

அதை நினைத்தாலே அவனுக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனி மாதம் எழுவைதீவுக்கு அங்கால் தனியாக வலை இழுக்கப் போன அவனுடைய அண்ணன் ஜோர்ஜ் திரும்பி வரவில்லை. பாதி இழுத்த வலையோடு படகு மட்டும் கிடைத்தது. ஐந்து நாள் தேடினார்கள். ஆறாம் நாள் அம்மா மேரிறோஸ் பெட்டி செய்யச் சொன்னாள். பிரேதம் கிடைக்காதவனுக்கும் பெட்டி செய்து, அவனுடைய உடுப்பை உள்ளே வைத்துச் சேமக்காலையில் அடக்கம் செய்வது அவள் பிறந்த குடும்பத்து வழக்கம். அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. பெட்டி வெறுமையாக இருக்கக்கூடாது, தூக்குகிறவர்களின் தோளுக்குப் பாரம் தெரியவேண்டும். பாரம் இருந்தால்தான் கடலில் நிற்கிறவன் தன்னுடைய பெட்டி எது என்று கண்டுபிடித்து வந்து படுப்பானாம்.

"அவன்ர கிற்றாரை வையுங்கோ" என்றாள் மேரிறோஸ். "என்ர பிள்ளை வெறுங்கையோட கிடக்கமாட்டான்."

அவன்ர கிற்றார். அந்தச் சொல்லில்தான் ஜெகதீஸுக்குத் தலை வெடித்தது. பாரிசில் இருக்கிற யூலியானாச் சின்னம்மா அதை அனுப்பும்போது வீடியோவில் வடிவாகச் சொன்னவ, ரெண்டு பேருக்கும் ஒண்டு, சண்டை பிடியாமல் வாசியுங்கோ என்று. பார்சலைப் பிரித்தது யார்? ஜோர்ஜ். கோயிலில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று வாசித்தது யார்? ஜோர்ஜ். ஆறு வருசமாகத் தம்பிக்காரன் பாட்டுக் கொப்பியின் ஒற்றைகளைப் புரட்டிக் கொடுத்தான். அண்ணன் கடலுக்குப் போன நேரத்தில் தொட்டால், வந்ததும் வராததுமாய்க் கம்பியை மோந்து பார்த்துவிட்டு, "ஐஸ் கொம்பனி மணக்குது, கையைக் கழுவிப்போட்டுத் தொடு" என்பான். இப்போது அதையும் கறையான் தின்ன மண்ணுக்குள் போடப்போகிறார்கள்.

கூடப்பிறந்தவன்தான் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்று அவனை அறைக்குள் தனியே விட்டார்கள். வெளியில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கிற்றார்ப் பையின் சிப்பைத் திறந்து கிற்றாரை எடுத்து அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தினான். யன்னலுக்கு வெளியே இடிந்து கிடந்த மதிலில் இருந்து ஏழு முருகைக்கல் எடுத்து, பழைய சாரத்தில் சுற்றிப் பைக்குள் வைத்தான். சிப் பாதியில் சிக்கியது. அதில் ஒரு பல் உடைந்திருந்தது, எப்போதும் அந்த இடத்தில் சிக்கும். இழுத்து மூடினான். ஒரே தூக்கில் பெட்டிக்குள் வைத்தான். அவ்வளவு கோபம்.

பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் முன்னால் நின்றவர் அம்மாவின் தம்பி குருசுமுத்து. படலையடியில் தோள் மாற்றியபோது, "பெடியன் நல்ல பாரம் அக்கா. வந்து படுத்திட்டான்" என்றார். அதைக் கேட்டுத்தான் மேரிறோஸின் அழுகை முதல்முறையாக அடங்கியது. பெற்ற ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று தோளைப் பிடித்துக்கொண்டிருந்ததில் அடங்காத அழுகை, ஏழு கல்லில் அடங்கியது.

கிற்றாரை அவன் எடுத்த கதை தெரிந்தால் அம்மாவிடம் மிச்சமிருக்கிற அந்த ஆறுதலும் போய்விடும். அது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கொடுக்க மனமில்லை.

ஆறாவது சத்தத்தை அழித்த மறுநாள் ஊர்காவற்றுறை ஐஸ் கொம்பனியில் வேலை முடிந்து பதினொன்றரைக்குச் சைக்கிளில் வந்தான். விடிய நாலு மணியில் இருந்து கட்டி உடைத்த கை வெடித்து, உப்புப் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அம்மா சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றிவிட்டு எதிரில் கதிரையில் இருந்தாள். அவனுடைய கையைப் பார்க்கவில்லை.

"நேற்றுச் செபமாலை சொல்லேக்க நினைச்சன் தம்பி. அவன் அங்க என்ன பாட்டு வாசிப்பான் எண்டு."

"அங்க கரண்ட் இல்லை அம்மா. உது கரண்ட் இல்லாமல் சத்தம் போடாது."

"அவன் ஏதும் வழி பாப்பான். அவனுக்கு மூளை இருந்தது."

ஜெகதீஸ் பாதிச் சோற்றோடு எழும்பிக் கையைக் கழுவினான். ஏன் சாப்பிடவில்லை என்று அவள் கேட்கவில்லை. குசினிக்குள் பாயைப் போட்டுச் சரிந்தாள். அவன் அறைக்குள் போய்க் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்தான்.

ஆறாவது சத்தம் திரும்ப வந்திருந்தது.

அழித்தான். போனை நிற்பாட்டித் திரும்பப் போட்டான். அழித்தது அழித்தபடிதான் இருந்தது. வாசித்து முடித்துக் கிற்றாரைச் சாக்கில் சுற்றிவிட்டுக் கடைசியாகப் பார்த்தபோது, விசருக்குக் கீழே அந்தக் கோடு நின்றது. யாரோ வேண்டுமென்று செய்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. ஆத்திரத்தில் அதை அமத்தினான். அமத்திய பிறகுதான் கவனித்தான், இயர்போன் காதில் இருக்கிறது, கிற்றார் வயரை அவன் ஏற்கனவே கழற்றிவிட்டான்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்த ஒன்றுமில்லாததுக்கும் ஒரு அளவு இருப்பது தெரிந்தது. நாலு பக்கமும் பலகை, மேலேயும் பலகை, பலகைக்கு வெளியே மண், மண்ணுக்குள் எங்கோ தூரத்தில் மெல்லியதாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தம், புது மரத்தின் வார்ணிஷ் மணம்கூட மூக்குக்கு ஏறுகிற மாதிரி அவ்வளவு கிட்ட, அவ்வளவு அடைபட்ட ஒரு இடம். அதற்குள் ஏதோ ஈரத் துணி மாதிரி உரசிக்கொண்டு அசைந்தது. இடமில்லாத இடத்தில் ஒரு ஆள் புரண்டு படுக்கிற உரசல். பிறகு ஒரு சிப் திறக்கிற சத்தம். மெதுவாய். பாதியில் அது சிக்கியது.

ஜெகதீஸ் இயர்போனைக் காதுக்குள் அழுத்தினான்.

சிக்கிய இடத்தில் இரண்டு தரம் இழுபட்டது. திறந்தது. துணி விலகியது. பலகையில் ஒரு கல் வைக்கப்பட்டது. டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டொக். எடுத்துத் தடவிப் பார்த்து, இது என்ன என்று யோசித்து, பிறகு வைக்கிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் இடையில் நேரம் எடுத்தது. மூன்று. நாலு. ஐந்து. ஆறு. ஏழு.

பிறகு வெறும் பையைக் கை துழாவியது. அடியில், பக்கத்தில், மூலையில். திரும்பத் திரும்ப.

இயர்போனைப் பிடுங்கி எறிந்தான். யன்னலில் வெயில் அடித்தது. குசினிக்குள் அம்மாவின் குறட்டை கேட்டது. போனின் திரையில் எல்லாம் பூச்சியம், கேற் மட்டும் திறந்தபடி.

அன்றைக்குப் பிறகு இரண்டு நாள் அவன் போனைத் தொடவில்லை. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவனுக்கு ரோசம் விடவில்லை. வெயில், நித்திரை இல்லை, தலைக்குள் ஐஸ் மெசினின் இரைச்சல் என்று காரணம் சொல்லிக்கொண்டான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குருசுமுத்து மாமா படலையடிக்கு வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். அம்மாவுக்குக் கேளாமல் மெதுவாய்க் கதைத்தார்.

"மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வா. கொண்ணற்ற குழி நடுவில தாண்டுபோய்க் கிடக்கு."

"நாய் கிண்டியிருக்கும் மாமா."

"நாய் மேலயிருந்துதான் கிண்டும். இது கீழயிருந்து இறங்கியிருக்கு. கொம்மா காணமுதல் நிரவிப்போட்டு வருவம்."

சேமக்காலையில் காற்று மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. ஜோர்ஜின் பெயர் எழுதிய சிலுவைக்கு முன்னால், ஆள் நீளத்துக்கு மண் ஒரு முழம் தாழ்ந்து கிடந்தது. ஜெகதீஸ் பக்கத்து மேட்டில் இருந்து வெட்டி வெட்டிப் போட்டான். போட்ட காய்ந்த மண் நிறம் மாறியது. கருத்தது. குருசுமுத்து குனிந்து ஒரு பிடி அள்ளி விரலால் நசுக்கிப் பார்த்தார். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு" என்றார். "கிணத்திலயே தண்ணி இல்லை. இதுக்குள்ள எங்கால கடல் வந்தது?"

ஜெகதீஸ் வேகமாக மண்ணைப் போட்டான்.

"டேய், பெட்டிக்குள்ள கிற்றாரை வடிவா வைச்சனிதானே?"

"வைச்சனான்."

"அப்ப ஏன் அவன் கிடக்கிறானில்லை?"

மாமா அதைக் கேட்ட விதத்தில் சந்தேகம் இல்லை. வலை ஏன் வெறுமையாய் வந்தது என்று கேட்கிற மாதிரி, உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அது ஜெகதீஸுக்கு இன்னும் எரிச்சலை மூட்டியது. செத்த பிறகும் எல்லோருக்கும் அவனைப் பற்றித்தான் கவலை. அவன் கிடக்கிறானா, அவன் வாசிக்கிறானா, அவனுக்குக் கை வெறுமையா. மண்ணை நிரவி முடித்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்த வழி முழுக்க அவன் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தான். பயம் உள்ளே எங்கோ கிடந்தது. அதற்கு மேலே கோபம் ஏறி உட்கார்ந்திருந்தது. கோபம் இருக்கிற வரைக்கும் நடக்கலாம்.

மத்தியானம் கதவுக்குக் கதிரையை முட்டுக் கொடுத்தான். கிற்றாரை மடியில் போட்டு, வயரைச் செருகி, இயர்போனை இரண்டு காதிலும் அழுத்தி, பெயரில்லாத அந்த ஆறாவதைத் தானாகவே அமத்தினான்.

பலகை. மண். ஈரம். யாரோ அசையாமல் இருந்தார்கள்.

மின்சாரக் கிற்றாரில் கம்பிகளுக்குக் கீழே காந்தம் பதித்த ஒரு கட்டை இருக்கும். அதில் வாயை ஒட்டி வைத்துக் கதைத்தால் குரல் உள்ளே போகும். தூரத்து வானொலி மாதிரி மெல்லியதாய் இயர்போனில் திரும்பி வரும். அந்த வித்தையைக் காட்டித் தந்ததும் ஜோர்ஜ்தான். ஜெகதீஸ் குனிந்து கம்பியில் உதடு படுகிற அளவுக்கு வாயைக் கொண்டுபோனான். அம்மாவுக்குக் கேட்கக்கூடாது என்று பல்லுக்குள் கதைத்தான்.

"தரமாட்டன்."

அவனுடைய குரல் அவனுக்கே கேட்டது. அந்தப் பலகைகளுக்குள் அது போய் முட்டித் திரும்பியது.

"என்ன பாக்கிறாய்? எடுத்தது நான்தான். கல்லு வைச்சதும் நான்தான். சின்னம்மா ரெண்டு பேருக்கும் எண்டுதான் அனுப்பினவ. ஆறு வருசம் நீ வைச்சிருந்தாய். நான் ஒற்றை புரட்டினனான். ஒரு நாள், ஒரு பூசைக்கு, இந்தா நீ வாசி எண்டு தந்தனியே? கடலுக்குப் போகேக்கையும் தொடாதை எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனாய்."

அங்கே ஏதோ மெல்ல அசைந்தது. காதுக்குக் கிட்ட வந்தது. கேட்கிறவன் கிட்ட வருகிற மாதிரி.

"உனக்கு என்னடா குறை? பூசை உனக்கு. பெட்டி உனக்கு. அம்மா உன்ர பேரைத் தவிர வேற பேர் சொல்லுறாவே? நான் சோத்தை வைச்சிட்டு எழும்பினாலும் ஏன் எண்டு கேக்கேல்லை. அம்மாவை நீயே வைச்சிரு. எனக்கு அவ வேண்டாம். எனக்கு இது மட்டும் காணும். இதை எனக்குத் தா."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. கண்ணீர் கம்பியில் சொட்டி, இயர்போனுக்குள் டிங் என்றது. வேலி ஓலையும் குறட்டையும்கூடக் கேட்கவில்லை. பிறகு தண்ணீர் நிறைந்த ஒரு தொண்டை தன்னைச் சரிசெய்துகொண்டது.

"சரி."

அவ்வளவுதான். ஜோர்ஜின் குரல். கோபம் இல்லை. கிற்றாரைக் கொடுக்கச் சம்மதிக்கிறவனின் சாதாரணக் குரல். திரையில் அந்தக் கோடு அவன் பார்க்கப் பார்க்க மங்கி இல்லாமல் போனது. கோயில், மொட்டை, கிணறு, இரும்பு, விசர். ஐந்து.

அடுத்த மூன்று நாளும் ஜெகதீஸ் வாழ்க்கையில் ஒருபோதும் வாசிக்காத மாதிரி வாசித்தான். கிற்றார் கைக்கு லேசாகிவிட்டது. பிடிக்கவராத பிடிகள் எல்லாம் வந்தன. வென்றுவிட்டோம் என்று ஒரு நினைப்பு அவனுக்குள் கிடந்து துள்ளியது. அண்ணனிடம் ஒரு பொருளைக் கேட்டு வாங்கியது அவனுடைய இருபத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை.

வீட்டிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. அம்மா ஜோர்ஜைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். அறைக் கதவின் பக்கம் அடிக்கடி பார்த்தாள். மனம் ஆறிவருகிறது, இனி என்னைப் பார்ப்பா என்று அவன் நினைத்தான். புதன்கிழமை பின்னேரம் அவள் பாயில் இருந்து எழும்பி வந்தபோது தலைமயிர் ஈரமாக முதுகில் ஒட்டிக் கிடந்தது.

"முழுகினீங்களே அம்மா?"

"இல்லைத் தம்பி. வேர்வை."

பாயைத் தட்டிச் சுருட்டியபோது அதற்குக் கீழே சீமெந்து நிலம் ஆள் அகலத்துக்கு நனைந்திருந்தது. ஒரு ஆள் அகலத்துக்கு இல்லை. இரண்டு பேர் படுத்த அகலம். ஜெகதீஸ் துணியை எடுத்துத் துடைத்துவிட்டான். துடைத்த துணி வெயிலில் காய்ந்தபோது வெள்ளையாய் உப்புப் பூத்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு அறைக்குள் போய் வாசித்தான்.

வியாழக்கிழமை ஐஸ் மெசின் பழுதாகி ஒன்பது மணிக்கே விட்டுவிட்டார்கள். அவன் சைக்கிளை வேலியில் சாய்த்தபோதே வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. குசினிப் பக்கம் புகை இல்லை. வானொலியில் இந்த நேரத்துக்குப் போகிற செபம் இல்லை. சோளகம்கூட நின்றிருந்தது. வாசல் சீமெந்தில் வெறுங்கால் அடையாளங்கள், ஈரமாய், கடற்கரைப் பக்கமிருந்து வந்து உள்ளே போயிருந்தன. வெளியே வந்த அடையாளம் இல்லை.

அவனுடைய அறைக் கதவு திறந்து கிடந்தது.

அலுமாரி சுவரைவிட்டு இழுத்து வைக்கப்பட்டிருந்தது. அதைத் தள்ள நாலு ஆம்பிளைகள் வேண்டும். கிற்றார் சாக்கைவிட்டு வெளியே எடுத்துக் கட்டிலில், தலையணை மேல், குழந்தையைக் கிடத்துகிற மாதிரிக் கிடத்தப்பட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் அம்மா இருந்தாள். இரண்டு காதிலும் இயர்போன். தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெகதீஸின் கை தானாகவே காற்சட்டைப் பைக்குப் போனது. போன் அவனிடம்தான் இருந்தது. விடியவே வேலைக்குக் கொண்டுபோய்விட்டான்.

அம்மாவின் காதில் இருந்து இறங்கிய வயர் மடியில் சுருண்டு, அதன் முனை நிலத்தில் கிடந்தது. ஒன்றிலும் செருகியிருக்கவில்லை.

"அம்மா."

அவள் ஒரு விரலை உயர்த்திப் பொறு என்று காட்டினாள். "ஓம் ராசா" என்றாள், அவனுக்கு இல்லை. "ஓம். வந்திட்டான். சொல்லுறன்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். கண் அவனுக்குப் பின்னால் எங்கோ நின்றது. "அண்ணை கதைக்கிறான். கிற்றாரை உனக்கே தந்திட்டானாம். நீ கேட்டனியாம். நல்ல பிள்ளை அவன்."

"அதைக் கழட்டுங்கோ அம்மா."

"என்னை வரட்டாம்."

அவன் பாய்ந்து இயர்போனைப் பிடித்து இழுத்தான். வந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் வந்தது. காதுக்குள் இருந்து, கன்னத்தால் வழிந்து, கழுத்துச் செபமாலையை நனைத்து, சட்டையை நனைத்து, நிற்காமல் வந்தது. கூடவே பொடி மணல். அவள் அப்போதும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இடது கையை அவள் பக்கத்தில் நீட்டினாள். எழும்ப உதவி கேட்டு ஒருவரிடம் நீட்டுகிற மாதிரி. அங்கே யாரும் இல்லை. விரல்கள் இறுகப் பிடித்த மாதிரி மணிக்கட்டில் தோல் பதிந்தது. நாலு பள்ளம் மேலே, ஒன்று கீழே. பதிந்த இடம் வெளுத்தது. அதில் இருந்து தண்ணீர் சொட்டியது. முழங்கால் வருத்தத்தில் எப்போதும் முனகிக்கொண்டு எழும்புகிறவள் ஒரு சத்தமும் இல்லாமல் எழும்பினாள்.

ஜெகதீஸ் அவளுடைய வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கிற்றாரைக் கொண்டு போ" என்று கத்தினான். யாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று கத்தினான். "கொண்டு போடா. எனக்கு வேண்டாம். அம்மாவை நீயே வைச்சிரு எண்டு கோவத்தில சொன்னனான். அம்மாவை விடடா."

இழுவை குறையவில்லை. கோபமாகவும் இழுக்கவில்லை. ஒரே சீராய், பொறுமையாய், அவசரமில்லாமல். அம்மாவின் இரண்டு கையும் இரண்டு பக்கமும் விரிந்தன. அவளுடைய கால் சீமெந்தில் ஒரு சாண் வழுக்கியது. இன்னொரு சாண். வாசலுக்கு அங்கால் பகல் வெளிச்சம், வெறும் முற்றம், திறந்து கிடக்கிற படலை, அதற்கப்பால் கடல்.

அவள் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். ஜோர்ஜ் போன பிறகு முதல்முறையாக நேரே அவனுடைய கண்ணைப் பார்த்தாள்.

"விடு தம்பி" என்றாள். "நீ பிடிச்சிருக்கிறது நோகுது."

அவன் விடவில்லை. அவள் கை ஈரத்தில் வழுக்கியது. மற்றப் பக்கம், மணிக்கட்டில் இருந்த பள்ளங்கள் நிரம்பி மறைந்தன. முழங்கைக்கு மேலே புதிதாய் நாலு பள்ளம் விழுந்தது. வலை இழுக்கிறவன் கை மாற்றிப் பிடிக்கிற இடைவெளி. பிறகு அதுவும் நிரம்பியது.

தோளில் நாலு பள்ளம் விழுந்தது.